தொண்டியில் நண்டு வலை போடும் குடும்பம் எங்களுடையது. தம்பிக்கு சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்பது போன்ற மனநோய். மாத்திரையில் குரல் அடங்கியும் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்கிறான் தம்பி. சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) உதவுமா?

உதவும். "சைக்கோசிஸ்காரனிடம் பேசி என்ன ஆகப்போகுது" என்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதோடு சேர்த்துச் செய்வது இது. பிரிட்டனில் ஹால், டாரியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனநல வார்டில் இருந்த நோயாளிகளிடம் செய்து பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் முறை தெளிவானது.

தன்னிடம் உள்ள நல்ல குணம் இரண்டைத் தம்பியே சொல்லவேண்டும். ஒரு அமர்வுக்கு இரண்டு போதும். மாத்திரை அசதியில் அதற்கு மேல் மனசில் நிற்காது. ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்புகிறான் என்று 0 முதல் 100-க்குள் ஒரு எண்.

"ஒண்ணுமில்லை" என்பான். உடனே "நீ தங்கம்டா" என்று ஆரம்பிக்காதீர்கள். பரிதாபத்தில் சொல்வதாக நினைப்பான்; குரல் மிச்சமிருந்தால் அதுவும் எதிர்த்துப் பேசும். நேற்று என்ன செய்தான் என்று கேளுங்கள். தொண்டியில் நண்டு வலைக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டில் இப்படி வரலாம்: "பொறுமை, 20. செவ்வாய் காலை, சித்தப்பா வலையில் சிக்கின நண்டைக் கால் ஒடியாமல் பிரித்தேன்." கால் ஒடிந்தால் விலை போகாது என்று அவனுக்கே தெரியும், அதனால் அந்தச் சாட்சியை மறுக்க முடியாது. நடந்ததைக் கண்ணை மூடிப் பார்த்து, வாய்விட்டும் சொல்லவேண்டும். அந்த வாரம் முழுக்க அதே குணம் எங்கே தெரிந்தது என்று குறித்துவந்து, மறுபடி எண் போடவேண்டும்.

"கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்தார்" போன்ற, நோயால் வரும் நம்பிக்கைகளை நோட்டில் ஏற்றாதீர்கள். யாராவது படிப்பார்களோ என்று பயந்தால் நோட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

    

இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது உளவியலாளர். வீட்டில் நீங்கள் துணை. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-லும் விசாரிக்கலாம். சாகச் சொல்லிக் குரல் கேட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எண் ஏறவேயில்லை என்றால் குணத்தை மாற்றவேண்டாம், சம்பவத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் நாள், இடம் இல்லாமல் பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பான்.