பழைய பாக்கி நிற்கும்போது புதுச் சரக்கு ஏற்றாதீர்கள்

கேள்வி: அக்கா, நானும் கணவரும் கொட்டாஞ்சேனையில் மிளகாய்த்தூள், கறித்தூள் அரைத்துப் பைக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மாதம் 18 இலட்சம் ரூபாய்க்கு விற்பனை. வட்டி கட்டுவதற்கு முன் ஏறத்தாழ 12 வீதம் மிஞ்சும். ஆனால் 48 இலட்சம் வெளியில் நிற்கிறது. நான்காம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய் எடுக்கும் இடத்தில் இரண்டு கிழமைக்கு மேல் தவணை தரமாட்டார்கள், அதனால் என் நகையை 22 இலட்சத்துக்கு அடகு வைத்து மாதம் 1.5 வீதம் வட்டி கட்டுகிறோம். வீட்டுச் செலவு 1.6 இலட்சம். இப்போது ஒரு நிதி நிறுவனம் எங்கள் பில்களின் மேல் 30 இலட்சம் தருவதாகச் சொல்கிறது, மாதம் 2 வீதம். இதேபோல ஒரு போன் ஆப்பும் இருக்கிறதாம். எதை எடுப்பது? பெரிய பாக்கிக்காரரில் ஒருவர் என் அக்காவின் கணவர், அவரிடம் நான் கேட்க முடியாது. கணக்கு விபரம் இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம். கொப்பி எழுதுங்கள், பில் போடுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அனுப்பிய கணக்கு சுத்தமாக இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு இடத்தில்தான் என் கண் நின்றது. உங்கள் அத்தானின் பெயரில் 19 இலட்சம் பாக்கி, அதற்குக் கீழே போன கிழமை ஏற்றிய சரக்கு, அதற்கு முந்திய கிழமை ஏற்றியது, அதற்கும் முந்தியது. அந்த மூன்று கிழமையிலும் காசு வந்த வரி ஒன்றுகூட இல்லை. உங்களை அடகுக் கடைக்கு அனுப்புவது இந்தப் பழக்கம்தான். பழையது நிற்க நிற்கப் புதிதாக ஏற்றுகிறீர்கள்.

அத்தான் மாதம் 4 இலட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார். 12 வீதம் என்றால் 48,000 ரூபாய் உங்களுக்கு மிஞ்ச வேண்டும். சொந்தக்காரர் என்று 5 வீதம் கழிவு கொடுக்கிறீர்கள், அதில் 20,000 போகிறது. அவரிடம் நிற்கும் 19 இலட்சத்தை நீங்கள் அடகு வட்டிக்கு எடுத்த காசால்தான் தாங்குகிறீர்கள், 1.5 வீதப்படி மாதம் 28,500. இரண்டையும் கூட்டினால் 48,500. அதாவது ஒவ்வொரு மாதமும் நீங்கள் மிளகாய் வாங்கி, வறுத்து, அரைத்து, அடைத்து, வானில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கையிலிருந்து 500 ரூபாயையும் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அவருடைய கடையை நடத்துவது உங்கள் தாலிக்கொடியும் காப்பும். இது உங்கள் அக்காவுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், தெரிந்தால் அவரே கேட்பார்.

இதற்கு மேல் 30 இலட்சம் எடுத்தால் என்ன ஆகும்? உங்கள் மாத மிச்சம் 2.16 இலட்சம். அடகு வட்டி 33,000 போனால் 1.83. வீட்டுச் செலவு போக 23,000 கையில். புதுக் கடனின் வட்டி மாத்திரம் 60,000. மாதம் 37,000 துண்டு விழும், அதை அடைக்க இன்னொரு கடன். சரி, அந்த 30 இலட்சத்தில் நகையை மீட்டால் என்ன என்று கேட்பீர்கள். 1.5 வீதக் கடனை 2 வீதக் கடனால் அடைப்பது எந்த ஊர்க் கணக்கு?

பில்லின் மேல் காசு என்பது இப்போது எல்லோரும் பேசுகிற சாமான். ஃபக்டரிங் என்று சொல்லும் இது, அதாவது வரவேண்டிய பில்லைக் காட்டி முன்கூட்டியே காசு வாங்குவது, கொழும்பில் புதிதல்ல, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நெடுநாளாகச் செய்கின்றன, ஆப்பில் வந்ததால் புதிதாகத் தெரிகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: வாங்கியவர் குறித்த நாளில் கட்டாவிட்டால் அந்தக் காசை யார் கட்டுவது? பெரும்பாலும் நீங்கள்தான். அரச நிறுவனத்துக்கோ, தவறாமல் 60ஆம் நாள் கட்டுகிற பெரிய கம்பனிக்கோ பில் போடுகிறவருக்கு அது உதவும். அத்தானின் பில்லுக்கு உதவாது. அவர் கட்டப்போவதில்லை, நிறுவனம் உங்கள் கதவைத்தான் தட்டும்.

ஆகவே அத்தானிடம் பேசத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. பேசுவது கணவராக இருக்கட்டும் என்று தள்ளிவிடாதீர்கள். கொப்பி உங்கள் கையில், நீங்களே பேசுங்கள். கலியாண வீட்டிலோ போனிலோ வேண்டாம், கடை பூட்டும் நேரம் நேரில் போய், கணக்கை அச்சடித்துக் கொண்டுபோய் முன்னால் வைத்து, இவ்வளவும் சொன்னால் போதும்: "அத்தான், பழைய கணக்கு பத்தொன்பது லட்சம் நிக்குது. என்ர நகை அடகில இருக்கு. இனி வாற சரக்குக்கு காசு தந்தா அண்டைக்கே ஏத்தி விடுறன். பழசுக்கு கிழமைக்கு ஐம்பதாயிரம் தாங்கோ." அதற்குமேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவரும் தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குவார், நீங்கள் மனம் இளகி அரை லோடு ஏற்றி அனுப்புவீர்கள். கிழமைக்கு 50,000 என்றால் 38 கிழமையில் முடிகிறது. அவர் 30,000 என்றாலும் சம்மதியுங்கள், ஆனால் புதுச் சரக்குக்குக் காசு என்பதில் இறங்காதீர்கள். 5 வீதக் கழிவு பழைய கணக்கு முடிந்த பிறகு பார்ப்போம். கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் தூள் எடுத்தால் எடுக்கட்டும், இழப்பது காசு வராத, மாதம் 500 ரூபாய் நட்டம் தருகிற வியாபாரத்தைத்தான்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, சரக்கு விற்றுக் கொப்பியில் மட்டும் எழுதி வைத்த கடனுக்கு, அது கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பலருக்கு இது தெரியாது, மூன்று வருடம், ஆறு வருடம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அத்தானின் பக்கத்தில் சில பில்கள் பத்து மாதத்தைத் தாண்டிவிட்டன. அதே சந்திப்பில், "இன்ன திகதி வரை இவ்வளவு தரவேண்டியுள்ளது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலம் அன்றிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். அந்தத் தாளை ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை காட்டுங்கள், வாசகம் சரியா என்று அவர் சொல்வார். அத்தான் மேல் வழக்குப் போடவா என்று பதறாதீர்கள். உரிமை கையில் இருக்கிறவரின் பேச்சைத்தான் எதிராளி காது கொடுத்துக் கேட்பார்.

அடுத்தது நீங்கள் அனுப்பிய கணக்கில் இருக்கிற கேட்டரிங்காரர், 11 இலட்சம் பாக்கி. அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்கள் கணவர் பில்லை யாரிடம் கொடுக்கிறார்? சமையலறை ஸ்டோர்காரரிடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் அதை அரிசி மூட்டைக்கு மேலே இருக்கிற கிளிப்பில் செருகி வைப்பார், எண்ணெய்க் கை பட்டு எழுத்துக்கூட மங்கிப்போயிருக்கும், கணக்குப் பகுதி அதைக் கண்டே இருக்காது. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பிள்ளையிடம் போய் மூன்று விஷயம் கேளுங்கள். பில்லோடு ஓடர் இலக்கம் வேண்டுமா, எந்தத் திகதிக்குள் கொடுத்தால் எந்தத் திகதியில் பாஸாகும், செக்கில் கையெழுத்துப் போடுபவர் யார். விட்டுப்போன பில்களைப் பிரதியெடுத்து ஒரே கவரில் கொடுத்து, மேல் தாளில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பாதிக் காசு இதிலேயே வந்துவிடும் என்பது என் எதிர்பார்ப்பு.

மீதி 18 இலட்சம் சின்னக் கடைகளில். மாதம் 11 இலட்சம் அவர்களுக்குப் போகிறது, ஆக சராசரியாக ஐம்பது நாளில் கட்டுகிறார்கள். வெள்ளவத்தை, வத்தளைப் பக்கத்துக் கடைகளுக்கு அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் ஐம்பது நாள் என்பது அடகு வட்டிக் கணக்கில் உங்களுக்கு 2.5 வீதம். சரக்கு இறக்கும்போதே காசு தருகிறவருக்கு 1 வீதம் கழிவு என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு லாபம்தான். செக் எழுத முதலாளி இல்லை என்ற சாட்டுக்கு இப்போது இடமில்லை, வங்கி ஆப்பிலிருந்து அனுப்பினால் வான் அந்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே காசு உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.

கணக்கோடு எழுதியிருக்கிறீர்களே, போடவேண்டிய திகதி கடந்தும் லாச்சிக்குள் கிடக்கிற மூன்று செக், "போடாதேங்கோ, வாற கிழமை பாப்பம்" என்றவர்களுடையது, அவற்றை நாளைக்கே போடுங்கள். முதல் நாள் போன் எடுத்துச் சொல்லிவிட்டுப் போடுங்கள், அது மரியாதை. எழுதிய திகதியிலிருந்து ஆறு மாதம் தாண்டினால் அது வெறும் தாள். காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் குற்றம், வியாபாரிகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே பெரும்பாலும் காசு போட்டுவிடுவார்கள். நீங்கள் போடாமல் இருக்கும்வரைதான் அவர்களுக்கு அவசரம் இல்லை.

வருகிற காசில் முதலில் நகையை மீளுங்கள், மிளகாய் விலை இறங்கினாலும் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். அடகுச் சீட்டுகளை எடுத்துத் தவணைத் திகதியைப் பாருங்கள், ஏலத்துக்கு முதலில் போகக்கூடியது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். முழுத்தொகை சேரும்வரை காத்திருக்காமல், ஒரு சீட்டுக்குக் காசு சேர்ந்ததும் அன்றே போய் மீட்டுவிடுங்கள்.