மொரிஸ் மைனருக்கு லைட் ஏஸ் எஞ்சின்: நம்பர் தகட்டில் கைவைக்கலாமா?

கேள்வி: நான் கோப்பாயில் வசிக்கிறேன். பெரியப்பா கனடாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற 1959 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் என்னிடம் ஓடுகிறது. வாகனப் பதிவுப் புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான். அவர் கையெழுத்துப் போட்டுத் தந்த உரிமை மாற்றப் படிவம் அலுமாரியில் கிடக்கிறது. 948 சிசி எஞ்சின் என்பதால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போனால் பின்னால் வரும் பஸ்காரர் ஹோன் அடித்தே கொன்றுவிடுகிறார். வேறு கார் வாங்க வசதியில்லை. பழக்கமான கராஜ்காரர் ஒருவர், டொயோட்டா லைட் ஏஸ் வானின் 5கே எஞ்சினைக் கியர் பெட்டியோடு மலிவாகப் பூட்டித் தருவதாகச் சொல்கிறார். புத்தகத்தில் எதுவும் மாற்றத் தேவையில்லையாம். பழைய எஞ்சினிலுள்ள நம்பர் தகட்டைக் கழற்றிப் புதியதில் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாதாம். ஐம்பதாயிரம் ரூபாய் முற்பணமும் கொடுத்துவிட்டேன். இதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

பதில்: எஞ்சினை மாற்றுவது குற்றமில்லை. தகட்டை மாற்றுவதுதான் குற்றம். உங்கள் கராஜ்காரர் இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து விலை சொல்லியிருக்கிறார்.

தகட்டிலிருந்தே தொடங்குவோம். பொனற்றைத் திறந்து டைனமோவுக்கு மேலே பாருங்கள். எஞ்சின் புளொக்கில் ஆணியடித்துப் பூட்டிய சின்னத் தகடு ஒன்று இருக்கும். 948 சிசி மைனரில் அந்த இலக்கம் வழமையாக ‘9எம்’ என்று தொடங்கும். கழற்றுவது சுலபம்தான். ஆனால் டொயோட்டா 5கே எஞ்சினில் ‘5கே’ என்று புளொக்கிலேயே பொறித்திருக்கும். அதன்மேல் ஒஸ்டின், மொரிஸ் காலத்துத் தகட்டை அடித்தால், வாகனம் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்த மறு நிமிடமே பிடித்துவிடுவார். 5கே இலக்கத்தை அராவி அழித்தாலும் தப்பமுடியாது. அழித்த இலக்கங்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அன்றாட வேலைகளில் ஒன்று.

அப்படிப் பிடிபட்டால் தண்டப் பணத்தோடு போகாது. பொலிஸார் காரைக் கைப்பற்றி நீதவானிடம் அறிக்கை கொடுப்பார்கள். கார் சான்றுப்பொருளாகிப் பொலிஸ் நிலைய வளவில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். அதை வெளியில் எடுப்பதற்கு 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பம் செய்யவேண்டும். நீதவானின் முதல் கேள்வி, பதிவு உரிமையாளர் யார் என்பதுதான். அவர் கனடாவில் இருக்கிறார். இலக்கத்தை மாற்றிய குற்றச்சாட்டு உங்கள் மேல், காரின் உரிமை அவர் மேல் என்று வழக்கு இரண்டாகப் பிரியும். இதற்கு நீங்கள் எனக்கோ இன்னொரு சட்டத்தரணிக்கோ கொடுக்கப்போகும் காசில் எஞ்சினையே வாங்கிவிடலாம்.

ஆகவே எஞ்சினுக்கு முன்னால் புத்தகம். எங்கள் ஊரில் ‘ஓப்பின் பேப்பர்’ என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட படிவத்தை வருடக்கணக்காக வைத்துக்கொண்டு ஓடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. சட்டம் அதை ஏற்பதில்லை. வாகனம் கைமாறினால் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்றே மோட்டார் வாகனச் சட்டம் எதிர்பார்க்கிறது. உங்கள் அலுமாரியிலுள்ள படிவம் இன்னும் செல்லுமா, புதிதாகப் போடவேண்டுமா என்று கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகத்திலுள்ள) மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். புதிதாக வேண்டுமென்றால் பெரியப்பா அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒன்றை இங்குள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பட்டும். அதில் ‘வாகனத்தைக் கைமாற்ற’ என்பதோடு ‘எஞ்சின் விபரத்தைத் திருத்த’ என்றும் எழுதச் சொல்லுங்கள். பொதுவாக எழுதிய அற்றோணியை அலுவலகங்கள் திருப்பி அனுப்புவதைக் கண்டிருக்கிறேன். பெரியப்பா சுகமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இது மரணசாதன வழக்காக, அதாவது இறந்தவரின் சொத்தைப் பற்றிய வழக்காக, மாறிவிடும்.

அடுத்தது நீங்கள் கேட்காத ஒன்று. இப்போது காரில் இருக்கும் எஞ்சினின் இலக்கம் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு பொருந்துகிறதா? போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல், கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. அந்த ஓட்டத்தில் எஞ்சின்கள் தேய்ந்தன. கிடைத்ததைப் போட்டு ஓடினார்கள். அப்போது புத்தகத்தைத் திருத்த யார் கொழும்புக்குப் போனார்கள்? 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் புத்தகமே தொலைந்த வீடுகளும் உண்டு. 2022 இல் எரிபொருளுக்கு கியூஆர் பதிவு செய்யப் போனபோதுதான் பலருக்குத் தங்கள் வாகனத்தின் விபரம் திணைக்களத்தில் வேறாக இருப்பது தெரிந்தது. உங்கள் காரிலும் அப்படி இருந்தால் அதை மறைக்காமல், இதே விண்ணப்பத்தோடு ஒரு சத்தியக் கடதாசியில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். கேட்டபின் சொல்வதைவிட நீங்களாகவே முதலில் சொல்வது நல்லது.

இனி எஞ்சினுக்கு வருவோம். ‘மலிவாக’ என்கிறீர்கள். எங்கிருந்து வந்த மலிவு என்று கராஜ்காரரிடம் கேளுங்கள். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஜப்பான் ரீகண்டிஷன் எஞ்சின் என்றால், கடையின் விலைப்பட்டியலும் அது இறக்குமதியான சுங்கப் பத்திரத்தின் பிரதியும் இருக்கவேண்டும். விலைப்பட்டியலில் எஞ்சின் இலக்கம் முழுதாக எழுதியிருக்கவேண்டும். ‘5கே எஞ்சின் ஒன்று’ என்று மட்டும் எழுதிய துண்டு எதற்கும் உதவாது. உள்ளூரில் உடைத்த வானிலிருந்து கழற்றியது என்றால், அது எந்த வான், அதன் பதிவு உரிமையாளர் யார் என்று தெரியவேண்டும். அவருடைய கையெழுத்துக் கடிதமும் புத்தகத்தின் பிரதியும் வேண்டும். இவை இல்லாத எஞ்சின் களவு வாகனத்தினது என்று பின்னர் தெரியவந்தால், களவுப் பொருளை வைத்திருந்த கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டிவரும். பத்திரமுள்ள எஞ்சின் விலை கூடத்தான். உங்கள் வரவுசெலவில் அந்த வித்தியாசத்தை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டுவதற்கு முன்னரே மாவட்ட அலுவலகத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகரைச் சந்தித்து, 948 சிசி மைனரில் 1486 சிசி போடப்போகிறேன், என்னென்ன ஆவணம் தேவை, என்ன பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். பதிவிலுள்ள விபரம் மாறினால் பதிவேட்டைத் திருத்துவது உரிமையாளரின் கடமை. இங்கே எஞ்சின் இலக்கம், கொள்ளளவு இரண்டுமே மாறுகின்றன. யாராவது டீசல் எஞ்சின் போடச் சொன்னால் எரிபொருள் வகையும் சேர்ந்து மாறும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பரிசோதகர் பிரேக்கைப் பற்றிக் கேட்பார் என்றே எதிர்பாருங்கள். கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன். உங்கள் காரின் பழைய எஞ்சின் 37 குதிரைவலு. அதற்கேற்ற ஏழு அங்குல ட்ரம் பிரேக்தான் முன்னால் இருக்கிறது. பிரேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. பாரதூரமான விபத்து நடந்தால் பொலிஸார் வாகனத்தைப் பரிசோதகருக்குக் காட்டி அறிக்கை எடுப்பார்கள். எஞ்சின் பெரியது, பிரேக் பழையது என்று அந்த அறிக்கை சொன்னால், உயிரிழப்பில் தண்டனைச் சட்டக்கோவை 298 ஆம் பிரிவு (கவனயீனத்தால் மரணம் விளைவித்தல்) வழக்கிலும் நட்டஈட்டு வழக்கிலும் உங்கள் சட்டத்தரணிக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்காது. காசு குறைவென்றால் எஞ்சினைப் பின்போட்டுப் பிரேக்கை முதலில் செய்யுங்கள்.

காப்புறுதி மூன்றாந்தரப்பு மட்டும் என்றாலும் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். முகவரிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. விபத்தில் அடிபட்டவருக்குக் கம்பனி பணம் கொடுத்தாலும், முக்கியமான விபரத்தை மறைத்தீர்கள் என்று அதை உங்களிடமிருந்து அறவிட வருவார்கள். காப்புறுதிப் பத்திரம் பெரியப்பாவின் பெயரில் இருந்தால் அதையும் மாற்றவேண்டும்.

என்னைக் கேட்டால், 1098 சிசி மைனர் எஞ்சின் ஒன்றைத் தேடுவேன். ஒரே குடும்பத்து எஞ்சின். வெட்டி ஒட்டும் வேலை குறைவு. பத்திர வேலை அதற்கும் இதே அளவுதான், ஆனால் பரிசோதகருக்கு விளங்கப்படுத்துவது சுலபம். பஸ்காரர் அப்போதும் ஹோன் அடிப்பார் என்பது வேறு விஷயம்.

சரி, முற்பணம். கராஜ்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ‘இலக்கம் மாற்றவேண்டாம், பத்திரமுள்ள எஞ்சின்தான் வேண்டும், இல்லையென்றால் முற்பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாளை ஏதாவது நடந்தால், தகட்டு யோசனைக்கு நீங்கள் உடன்படவில்லை என்பதற்கும் அந்தக் கடிதமே சாட்சி. முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கவில்லை என்றால், திகதியும் தொகையும் அதிலேயே வரட்டும். பதில் வராவிட்டால் இவ்வளவு தொகைக்கு நேராக நீதிமன்றம் போகமுடியாது, முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும். உங்கள் பகுதிச் சபை எங்கே, எப்போது கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் சொல்வார்கள்.