ஆரஞ்சு எச்சரிக்கை: கேரட்டை இப்போதே எடுக்கலாமா?

கோத்தகிரி பக்கம் கேரட் முற்ற இன்னும் பத்து நாள் இருக்கிறது, புயல் வருகிறதே, இப்போதே எடுத்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். எடுத்துவிடுங்கள் அண்ணா. ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை மழை. எச்சரிக்கை நீலகிரி மாவட்டம் முழுமைக்கும்தான், ஆனால் வடகிழக்குப் பருவத்தில் மேற்கே இருக்கும் கூடலூரைவிடக் கிழக்கு பார்த்த உங்கள் சரிவுதான் அதிகம் வாங்கும். 2009 நவம்பரில் மண் சரிந்ததும் இந்தப் பக்கம்தானே.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு மழைக்கு முன்பே இறக்கிவிடுங்கள். ரோடு மூடினால் மூட்டையோடு நடுவழியில் நிற்க வேண்டியதுதான். நான் ஒருமுறை நின்றிருக்கிறேன்.

அப்புறம், நாற்று இருந்தால் புயல் போனபின் கவனம். மேகம் மூடியிருக்கும்வரை உறைபனி விழாது. வானம் வெளுத்து, காற்று அடங்கிய முதல் ராத்திரியே மூடிவையுங்கள்.