எதிர்த்து அடிக்க முடியாத விளையாட்டை விலை கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: 'அவுட்லாஸ்ட் 2' திகில் விளையாட்டை வாங்க ஆசை. முதல் பாகத்தை நான் விளையாடியதில்லை. நேராக இரண்டாம் பாகத்தையே வாங்கலாமா? எல்லாப் பாகங்களும் சேர்ந்த தொகுப்பு தள்ளுபடியில் கிடைக்கிறதே, அது லாபம்தானா?

பதில்: கதை புரியுமா என்பதுதான் உங்கள் கவலை என்றால் தயங்காமல் வாங்கலாம். 2013இல் வந்த முதல் பாகம் கொலராடோ மலைப் பகுதியில் உள்ள ஒரு மனநல விடுதிக்குள் நடக்கிறது. 2017 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகம் அரிசோனாவின் பாழ்நிலத்துக்குப் போகிறது. ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கிய பிறகு, காணாமல் போன மனைவியைத் தேடி அலையும் ஒளிப்பதிவாளர் ஒருவரின் கதை அது. ஆட்களும் வேறு, இடமும் வேறு. இரண்டையும் இணைக்கும் கதை இழை ஒன்று உண்டு; அதைத் தெரிந்துகொள்ளாமலே கடைசி வரை போய்விடலாம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் இங்கே முக்கியம். இந்த விளையாட்டில் ஆயுதமே கிடையாது. துரத்துபவனை ஒருபோதும் எதிர்த்து அடிக்க முடியாது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். இருட்டில் வழி தெரிய வேண்டுமானால் வீடியோ கேமராவின் இரவுப் பார்வையைத்தான் நம்ப வேண்டும். அதுவோ பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். இந்தக் கையறு நிலை சிலருக்கு நெஞ்சு படபடக்கும் இன்பம். வேறு சிலருக்கு வெறும் எரிச்சல். விமர்சனங்களை எத்தனை படித்தாலும் நீங்கள் எந்த ரகம் என்று தெரியாது, விளையாடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால்தான் முதல் பாகத்தை மட்டும் தனியாக, தள்ளுபடியில் வாங்குங்கள் என்கிறேன். அது கட்டடத்துக்குள் நடப்பதால் எங்கே ஓடுவது, எங்கே ஒளிவது என்பது ஓரளவு பிடிபடும். இரண்டாம் பாகம் சோளக் கொல்லை, கிராமம், காடு என்று திறந்த வெளியில் விரிகிறது. காட்சியழகில் அது பல படி மேல். எனக்கு அதன் ஒலியமைப்பு மிகவும் பிடிக்கும். கேமராவின் ஒலிவாங்கியைத் திருப்பிச் சுவருக்கு அப்பால் யார் நடக்கிறார்கள் என்று கேட்கலாம் என்பது அருமையான சேர்க்கை. ஆனால் துரத்தல் காட்சிகளில் வழி எது என்று புரியாமல் செத்துச் செத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அங்கே பயம் போய் அலுப்பு வந்துவிடுகிறது. இந்தக் குறை பலர் சொன்னதுதான். 2018இல் 'கதை முறை' என்ற எளிதான ஆட்ட முறை ஒன்றைச் சேர்த்தார்கள். முதல் முறை அதையே தேர்ந்தெடுங்கள், கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

தொகுப்பு விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் தனியாக வாங்கிய விளையாட்டை 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். தொகுப்பாக வாங்கினால் எல்லாப் பாகங்களிலும் செலவழித்த நேரத்தை ஒன்றாகக் கூட்டித்தான் அந்த 2 மணி நேரத்தைக் கணக்கிடுவார்கள். முதல் பாகத்தைச் சோதிப்பதற்குள்ளேயே, தொடாத இரண்டாம் பாகத்தையும் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு போய்விடும். இரண்டையும் முடிப்பேன் என்ற உறுதி இருப்பவருக்கே தொகுப்பு லாபம்.

கேள்வி: இரண்டாம் பாகத்தை வாங்கிச் சிறிது நேரம் விளையாடியதும் தலை சுற்றி, வாந்தி வருவதுபோல் ஆகிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்டீம் என்றால் மேலே சொன்ன விதிக்குள் இருக்கும்வரை காரணம் எதுவானாலும் ஏற்பார்கள், இன்றே விண்ணப்பியுங்கள். விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். ஜிஓஜி கடை இன்னும் தாராளம், விளையாடிய பிறகும் 30 நாட்கள் அவகாசம் தருகிறது. பிளேஸ்டேஷன் கடைதான் கறார். 14 நாட்கள் உண்டு, ஆனால் பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே, விளையாட்டில் பழுது இருந்தால் ஒழிய, பணம் திரும்பாது. வாங்கியதும் தானாகப் பதிவிறங்கும் வசதியை அதில் முன்கூட்டியே அணைத்து வைப்பது நல்லது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நண்பர்கள் விளையாடுகிறார்கள் என்று இதையே கேட்டு நச்சரிக்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அமெரிக்க வயது வகைப்பாட்டில் இது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு, ஐரோப்பாவில் 18. ஆஸ்திரேலியாவில் 2017 மார்ச்சில் முதலில் அனுமதியே மறுத்தார்கள். பாலியல் வன்முறையைச் சுட்டும் காட்சியே அதற்குக் காரணம். பிறகுதான் வயது வந்தோருக்கு மட்டும் என்று அனுமதித்தார்கள். மதவெறிக் கூட்டம், குழந்தைகளின் மரணம், பள்ளிப் பருவத்துக் கொடுமை என்று கதை முழுக்க வளர்ந்தவரையே உலுக்கும் விஷயங்கள். இதை இரத்தம் தெறிக்கும் விளையாட்டு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஏன் மறுக்கிறீர்கள் என்று மகனிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். அவன் கன்சோலின் பெற்றோர் கட்டுப்பாட்டில் வயது வரம்பையும் வைத்துவிடுங்கள்; அவன் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 4க்கான பழைய வட்டு மலிவாகக் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 5. ஓடுமா?

பதில்: ஓடும், உங்கள் பெட்டியில் வட்டு செருகும் வசதி இருந்தால். டிஜிட்டல் பதிப்புப் பெட்டி என்றால் வட்டு இயக்கியைத் தனியாகப் பொருத்த முடிகிற மாடலா என்று முதலில் பாருங்கள். 'டிரினிட்டி' என்ற பெயரில் வந்த வட்டுப் பதிப்பில் முதல் பாகம், அதன் துணைக்கதை, இரண்டாம் பாகம் மூன்றும் உண்டு. விலை சற்றுக் கூடினாலும் அதையே தேடுங்கள். பிடிக்காவிட்டால் இன்னொருவருக்கு விற்றுவிடலாம், இணையத்தில் வாங்கிய பிரதிக்கு அந்த வசதி இல்லை. வாங்கும்முன் வட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஆழமான கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள்.