பொதுச் சர்வரில் யார் இருக்கிறார், என்ன ஓட்டுகிறார்? – கேள்வி பதில்

பல பேர் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் போகும் பாதுகாப்பான இணைப்பு) வழியே நுழைகிற லினக்ஸ் சர்வர் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். கட்டளைகளை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

கே: உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஹூ நல்லதா, டபிள்யூ நல்லதா?

டபிள்யூ. ஹூ பெயர், டெர்மினல், நுழைந்த நேரம் அளவில் நின்றுவிடும். டபிள்யூவில் ஐடில் நேரமும் ஓடுகிற கட்டளையும் கிடைக்கும். ஜேசிபியூ என்பது அந்த டெர்மினலில் இருக்கிற எல்லா ப்ராசஸும் (ஓடுகிற புரோகிராம்கள்) சேர்ந்து எடுத்த சிபியூ நேரம். பிசிபியூ, கடைசிப் பத்தியில் (நெடுவரிசையில்) தெரிகிற ஒன்று மட்டும் எடுத்தது. ஐடில் 3 மணி நேரம் என்றால் ஆள் 3 மணி நேரமாகக் கீபோர்டைத் தொடவில்லை, அவ்வளவுதான். அவருடைய வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து யாரையும் வெளியே தள்ளாதீர்கள்.

கே: சார், டபிள்யூவில் 4 பேர்தான் தெரிகிறார்கள். டாப்பில் (ஓடுகிற ப்ராசஸ்களை நேரலையாகக் காட்டும் கட்டளை) ஐந்தாவதாக ஒருவர் சிபியூவைத் தின்கிறார். ஹேக் ஆகிவிட்டதா?

நல்ல கேள்வி. சாதாரணக் காரணங்களை முதலில் பாருங்கள். டபிள்யூ வழக்கமாகப் படிப்பது யூடிஎம்பி என்ற பதிவேட்டை. டெர்மினல் ஒதுக்கப்படாத நுழைவு அதில் ஏறாது: எஸ்எஃப்டிபி (கோப்பு அனுப்புவது), எஸ்எஸ்ஹெச் வரியிலேயே கட்டளையைச் சேர்த்து அனுப்புவது, க்ரான் வேலை (நேரம் குறித்து வைத்துத் தானாக ஓடுவது). நோஹப் (வெளியேறினாலும் வேலை தொடரச் செய்வது) போட்டுவிட்டு லாக்-அவுட் ஆனவரும் அங்கே இருக்கமாட்டார், வேலை மட்டும் இருக்கும். ஆகவே ஆளைத் தேடாமல் ப்ராசஸைத் தேடுங்கள். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ்ஸில் மைனஸ் ஈ, மைனஸ் ஓ கொடுத்து யூசர், பிஐடி (ப்ராசஸின் எண்), பிபிஐடி (அதைத் தொடங்கிய தாய் ப்ராசஸின் எண்), ஸ்டாட் (நிலை), ஈடைம் (தொடங்கி எவ்வளவு நேரம்), ஆர்க்ஸ் (முழுக் கட்டளை வரி) பத்திகளைக் கேளுங்கள். யூசருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் 20-உம் சேருங்கள், நீளமான பெயர்கள் வெட்டுப்படாது.

இன்னும் சந்தேகமா? ப்ராக் அடைவில் அந்த பிஐடிக்குள் எக்ஸ்இ என்ற இணைப்பு இருக்கும். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி கணக்கில்) அதை எல்எஸ் மைனஸ் எல் போட்டால் உண்மையில் ஓடுகிற கோப்பு தெரியும். பிஎஸ்ஸில் தெரிகிற பெயரை எந்த புரோகிராமும் மாற்றிக்கொள்ளலாம். கிரிப்டோ மைனர்கள் (திருட்டுத்தனமாக நாணயம் தோண்டும் புரோகிராம்கள்) சதுர அடைப்புக்குறி போட்டுக் கெர்னல் த்ரெட் (லினக்ஸின் மையம் தானே ஓட்டும் வேலை) மாதிரி வேஷம் கட்டுவதுண்டு. அசல் கெர்னல் த்ரெட் ரூட்டின் பெயரில்தான் ஓடும், தாய் ப்ராசஸ் 2, எக்ஸ்இ எதையும் காட்டாது. பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்து எக்ஸ்இ டெம்ப் அடைவைக் காட்டினால், அது திருட்டு.

கே: பிஎஸ்ஸில் 2%, டாப்பில் 98%. எதை நம்புவது?

இரண்டையும். பிஎஸ் சொல்வது ப்ராசஸ் பிறந்ததிலிருந்து சராசரி. 10 மணி நேரம் சும்மா கிடந்துவிட்டு 10 நிமிடம் முழு வேகத்தில் ஓடியது பிஎஸ்ஸில் 1.6%தான். டாப் காட்டுவது கடைசியாகப் புதுப்பித்ததிலிருந்து, வழக்கமாக 3 விநாடிக் கணக்கு. 800% வந்தால் பயம் வேண்டாம், 8 கோர் பிடித்திருக்கிறது.

கே: லோட் (ஓடுகிற, காத்திருக்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 40, சிபியூவோ சும்மா இருக்கிறது.

லினக்ஸ் லோடில் டி நிலையில் (டிஸ்க் போன்றவற்றின் பதிலுக்காக, குறுக்கிட முடியாதபடி) காத்திருப்பவையும் சேரும். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்பு பகிரும்) சர்வர் தொங்கினால் இப்படித்தான் ஏறும். ஸ்டாட் பத்தியில் டி இருப்பவற்றைப் பொறுக்குங்கள். அவற்றில் பலவற்றுக்கு கில் 9 (ப்ராசஸை உடனே கொல்லும் சிக்னல்) கூட ஏறாது. டிஸ்க்கையோ என்எஃப்எஸ்ஸையோ சரிசெய்யுங்கள்.

கே: ஒருவரை எப்படி வெளியேற்றுவது?

முதலில் செய்தி அனுப்புங்கள். அப்புறம் கில் 15 (தானே மூடிக்கொள்ளச் சொல்வது), பத்து விநாடி பொறுங்கள், அப்புறம் 9. எடுத்தவுடன் 9 அடித்தால் புரோகிராமுக்குக் கோப்பை மூட அவகாசமில்லை; பாதி எழுதிய தரவு போச்சு. மொத்தமாக என்றால் லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர்.

கே: அண்ணா, நான் ஓட்டுவதை மற்றவர்களும் பார்க்க முடியுமா?

முழுக் கட்டளை வரியையும் பார்க்கலாம். அதனால்தான் கட்டளை வரியில் பாஸ்வேர்டு எழுதாதீர்கள் என்கிறேன். சில புரோகிராம்கள் தொடங்கியதும் அதை அழித்துவிடும், ஆனால் அதற்குள் பிஎஸ் படித்துவிடலாம். 600 அனுமதியுள்ள (உங்களால் மட்டும் படிக்க, எழுத முடிகிற) கோப்பில் வையுங்கள்.

கே: ஹைட்பிஐடி (அடுத்தவர் ப்ராசஸை மறைக்கும் அமைப்பு) 2 போட்டால் தீர்ந்தது. ஏன் சொல்லவில்லை?

(இன்னொருவர்: போடவே கூடாது. யார் மெமரியைப் பிடித்திருக்கிறார் என்று மாணவர்களே பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். மறைத்தால் எல்லாம் நிர்வாகி தலையில்.)

கெர்னல் 3.3-இல், 2012-இல் வந்த வசதி. 2 போட்டால் அடுத்தவர் ப்ராசஸ் இருப்பதே தெரியாது. ஒருவரையொருவர் அறியாத வாடிக்கையாளர்கள் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர் என்றால் போடுங்கள். ஆய்வகத்தில் நான் இரண்டாமவர் பக்கம். போட்டேதீருவேன் என்றால் ஜிஐடி விருப்பத்தில் ஒரு குழுவுக்கு விலக்கு கொடுங்கள், இல்லாவிட்டால் போல்கிட் (யாருக்கு என்ன அனுமதி என்று பார்ப்பது) போன்ற சேவைகள் தடுமாறும். முதலாமவருக்கு: மறைப்பதால் மெமரி மிச்சமாகாது. வரம்புதான் வழி. சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராபர்ட்டி மூலம், மெமரியைப் பிடித்திருப்பவருடைய யூசர் ஸ்லைஸுக்கு (அவருடைய எல்லா ப்ராசஸும் அடங்கிய குழு) மெமரிமேக்ஸ் 16 ஜி, சிபியூகோட்டா 400% கொடுங்கள். சிபியூ தாண்டினால் வேகம் குறையும். மெமரி தாண்டினால் அந்த ஸ்லைஸுக்குள்ளேயே ஏதாவது ஒன்று சாகும், பக்கத்து ஆளுக்குச் சேதமில்லை.

(முதலாமவர்: அப்படியென்றால் தனியுரிமை?)

ரூட் எல்லாவற்றையும் பார்ப்பார், ஹைட்பிஐடி போட்டாலும். ரகசிய வேலைக்குத் தனி மெஷின்.

கே: ஒரு யூசரை லாக்-அவுட் செய்வது எப்படி?

மேலே இருக்கிறது.

கே: ஸாம்பி ப்ராசஸ் கில் 9-க்கும் சாகவில்லை.

ஸாம்பி என்பது முடிந்துபோய், தாய் ப்ராசஸ் இன்னும் கணக்கு முடிக்காததால் பட்டியலில் நிற்பது. செத்ததை எப்படிக் கொல்வது? தாய் ப்ராசஸைப் பிடியுங்கள்.

கே: கில் 9 வேகமாக இருக்கிறதே, நேரே அடித்தால் என்ன?

மேலே. 15 முதலில்.

கே: நேற்று இரவு யார் எதை ஓட்டினார் என்று இன்று பார்க்க முடியுமா?

நுழைவுக்கு லாஸ்ட், தோற்ற முயற்சிகளுக்கு ரூட்டாக லாஸ்ட்பி. கட்டளைகளுக்கு அக்ட் பேக்கேஜ் (முடிந்த ப்ராசஸ்களைப் பதிவு செய்வது) நேற்றே ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும், லாஸ்ட்காம் காட்டும். ஆனால் ப்ராசஸ் முடிந்த பிறகுதான் பதிவாகும், கட்டளைப் பெயர் மட்டும்தான், ஆர்க்யூமென்ட் வராது. அதுவும் வேண்டுமென்றால் ஆடிட்டியில் (கெர்னல் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் சேவை) எக்ஸெக்விஇ (புரோகிராமைத் தொடங்கும் அழைப்பு) விதி எழுதுங்கள். லாக் மளமளவென்று வளரும், டிஸ்க் இடத்தை முதலில் பாருங்கள். கட்டளை வரியில் எழுதிய பாஸ்வேர்டும் அந்த லாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.