நிழல் உண்டு, டீக்கடை இல்லை

கேள்வி: சென்னையில் போட் கிளப் சாலை, போயஸ் தோட்டம் மாதிரி இடங்களில் குடியிருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்தானே? அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?
(வாசகர் ஒருவர், விழுப்புரம்)

பதில்: கொடுத்து வைத்தவர்கள்தான், அதில் என்ன சந்தேகம்? மே மாத மத்தியானத்திலும் தூங்குமூஞ்சி மரங்கள் ரோட்டுக்குக் குடை பிடிக்கும். ஹாரன் சத்தம் கேட்காது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். 2019 கோடையில் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் என்று குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டு, ஊரே குடத்தோடு தெருவில் நின்றபோது, காசுள்ள வீட்டுக்குத் தனியார் லாரி தண்ணீர் வந்து இறங்கியது.

ஆனால் ஒரு டீ குடிக்க வேண்டுமா, மெயின் ரோட்டுக்குத்தான் வரவேண்டும். கொத்தமல்லி தீர்ந்தால் டிரைவரை அனுப்ப வேண்டும், இல்லை செல்போனைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நடந்தே போய் வரலாமே என்பீர்கள். பிளாட்பாரம் இருந்தால்தானே? பல வீட்டுக்காரர்கள் செடி நட்டு, கம்பி வேலி போட்டு அதையும் தங்கள் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கிரவுண்டு கோடிக்கணக்கில் போகிற இடத்தில் அந்த நாலடி மண் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் வாட்ச்மேன்தான் சொல்வார். போயஸ் தோட்டத்தில் ஜெயலலிதா இருந்த காலத்தில், அந்தத் தெருவுக்கு விருந்தாளியாகப் போகிறவர் போலீஸ் தடுப்பில் நின்று விவரம் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, இதெல்லாம் சில்லறைக் குறை. உங்கள் கேள்வியில் விட்டுப்போன ஆட்கள் சிலர் உண்டு. அந்த வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர், சமைப்பவர், குழந்தை பார்ப்பவர். ஒரு காலத்தில் இவர்களில் பலர் அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து நடந்தே வேலைக்கு வந்தார்கள். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று குடிசைகளைக் காலி செய்து, 2000-க்குப் பிறகு ஊரின் தெற்குக் கோடியில் அரசு கட்டிய கண்ணகி நகர் குடியிருப்புக்கும், அப்புறம் பெரும்பாக்கம் குடியிருப்புக்கும் ஆட்களை அனுப்பினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அந்த வேலை இன்னும் வேகம் பிடித்தது. போட் கிளப்புக்கு எதிர்க்கரையில் பங்களாக்கள் உள்ள கோட்டூர்புரத்திலும்தான் அந்த ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. பங்களாக்காரர் யாரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. வெள்ளத்துக்குத் தப்பிக்க அனுப்பிய இடமாவது மேடா என்றால், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரம்! மழை பிடித்தால் அங்கேயும் முழங்கால் தண்ணீர்.

இன்று அந்தப் பெண்கள் விடிவதற்குள் தங்கள் வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டு, எட்டடுக்குக் கட்டடத்திலிருந்து இறங்கி பஸ் பிடிக்கிறார்கள். லிப்ட் ஓடாத நாளில் படிதான். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது பெரிய உதவி. ஆனால் நேரத்தை யார் திருப்பித் தருவது? தூரம் கட்டுப்படியாகாமல் வேலையை விட்டவர்களும் உண்டு. பஸ் தாமதமானால் பங்களாவில் காபி தாமதமாகிறது. ‘இப்போதெல்லாம் நல்ல ஆளே கிடைப்பதில்லை’ என்று அங்கே அலுத்துக்கொள்கிறார்கள். ஆற்றங்கரையில் குடிசை இருந்தபோது, ‘ஏரியாவே கெட்டுப்போகிறது’ என்று அலுத்துக்கொண்டதும் இதே வாய்தான்.

வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று தமிழக அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. போட் கிளப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், மணிக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.