வாசகர் கேள்வி – பதில்: உணவுக் கிருமிகளின் படலத்தை உலோகங்கள் அடக்குமா?

கேள்வி: சிறிய அளவில் பனீரும் தயிரும் தயாரித்து விற்கிறோம். தினமும் கழுவியும், குழாய் இணைப்புகளிலும் ரப்பர் வளையங்களிலும் ஒரு வழவழப்பு திரும்பத் திரும்ப வருகிறது. வெள்ளி அயனி பூசிய குழாய்களும் மேசையும் வாங்கினால் இந்தத் தொல்லை அடியோடு தீரும் என்கிறார் ஒரு விற்பனையாளர். நம்பலாமா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் வழவழப்பு பெரும்பாலும் நுண்ணுயிர்ப் படலமாகத்தான் இருக்கும். ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியாக்கள், சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் டி.என்.ஏ.வும் கலந்த ஒரு பிசினைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியேறிவிடுகின்றன. அந்தப் பிசின்தான் அவற்றின் பலம். நீங்கள் ஊற்றும் குளோரின் மேலடுக்கில் உள்ள கரிமப் பொருள்களோடு வினைபுரிந்தே பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அடியில் இருப்பவை மிக மெதுவாக வளர்வதால் மருந்துகளுக்கும் எளிதில் மடிவதில்லை. தண்ணீரில் தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான அளவு, படலத்தில் இருக்கும் அதே பாக்டீரியாவுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

வெள்ளிக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது உண்மை. வெள்ளி அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்கள், பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. ஆனால் உங்கள் தொழிலில் அந்த அயனிகளுக்கு முன்னால் பால் வந்து நிற்கிறது. பாலின் புரதங்களும் குளோரைடும் வெள்ளி அயனியைக் கட்டிப்போட்டுவிடுவதால், கிருமியைச் சென்றடையும் பங்கு மிகவும் குறைந்துபோகிறது. இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: அவர் காட்டும் சான்றிதழுக்கான சோதனை எந்தச் சூழலில் நடந்தது? இத்தகைய பூச்சுகளைச் சோதிக்கும் வழக்கமான முறையில், 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதமும் கொண்ட அறையில், 24 மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். அங்கே நன்றாக வேலை செய்த வெள்ளிப் பூச்சு, 20 டிகிரி வெப்பமும் குறைந்த ஈரப்பதமும் உள்ள அறையில் பயனற்றுப்போனதை 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே அந்தப் பணத்தை வேறு வகையில் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. குழாய் இணைப்புகளைக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, 70 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் 1 முதல் 1.5 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலைச் சுழலவிட்டு அலசி, பாலின் கனிமங்கள் படிந்து இறுகிய பால்கல்லை நீக்க அமிலக் கரைசலை விட்டு மறுபடி அலசி, அதன் பிறகு கிருமிநாசினி இடுவதே முறை. காஸ்டிக் சோடாவையும் அமிலத்தையும் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். வெடிப்பு விழுந்த ரப்பர் வளையத்தை எந்தக் கரைசலாலும் சுத்தம் செய்ய முடியாது. அதை மாற்றிவிட வேண்டும். 2008-இல் கனடாவில் ஓர் இறைச்சி ஆலையிலிருந்து பரவிய லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அங்கும் இயந்திரங்களைக் கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இறைச்சியைச் சீவும் இயந்திரங்களின் உட்பகுதியில், அன்றாடச் சுத்திகரிப்பு எட்டாத இடத்தில், கழிவு தேங்கியிருந்தது. லிஸ்டீரியா குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் வளரக்கூடியது என்பதால், பால் பொருள் செய்பவர்கள் இதை மிகுந்த கவனத்துடன் கருத வேண்டும்.

கேள்வி: செம்புக் குடத்து நீர் நல்லது என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். அப்படியானால் உணவகச் சமையலறையில் எவர்சில்வர் மேசைக்குப் பதிலாகச் செம்புத் தகடு பதித்த மேசை போடலாமா? மோரையும் ரசத்தையும் செம்பில் வைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: குடத்தைப் பற்றி நம் வீடுகளில் சொல்லிவந்ததற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. காலரா, டைஃபாய்டு, சீதபேதி ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் கலந்த நீரைச் செம்புப் பானைகளில் 16 மணி நேரம் அறை வெப்பநிலையில் வைத்துப் பார்த்த பெங்களூரு ஆய்வாளர்கள், அதன் பிறகு அந்த நீரில் எதையும் வளர்த்தெடுக்க முடியவில்லை என்று 2012-இல் எழுதினார்கள். நீரில் கரைந்திருந்த செம்பு லிட்டருக்கு ஏறத்தாழ 0.18 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம்.

பரப்புகளைப் பற்றிய சோதனைகளும் இதே திசையில்தான் செல்கின்றன. ஈ.கோலை ஓ157 என்னும் கொடிய வகையை எவர்சில்வர் தகட்டில் விட்டால், 28 நாள் கழித்தும் அதில் உயிருள்ளவை இருந்தன. செம்புத் தகட்டில் 20 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் மடிந்தன. குளிர்பதன வெப்பநிலையான 4 டிகிரியில் மட்டும் இன்னும் கூடுதல் நேரம் பிடித்தது. செம்பு அயனிகள் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைத்து உள்ளே புகுந்து, நொதிகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்திருக்கும் இடங்களை உடைத்துவிடுகின்றன. இவற்றையெல்லாம் கருதி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-இல் செம்புக் கலவைகளைக் கிருமியொழிப்புப் பொருளாகப் பதிவு செய்தது.

ஆனால் இந்தச் சோதனைகளில் பாக்டீரியாக்கள் சுத்தமான தகட்டின் மீது நேரடியாக விடப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. சமையலறை மேசையில் எண்ணெயும் மாவும் இறைச்சிச் சாறும் படியும். அந்தப் படிவின் மேல் உட்கார்ந்த பாக்டீரியாவைச் செம்பு தொடுவதே இல்லை. கம்பளி போர்த்தியவனுக்கு வாடை உறைக்காததைப் போல அது பாதுகாப்பாக இருந்துவிடும். எனவே செம்பு புதிய கிருமிகள் வேர்விடுவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே தடித்துவிட்ட படலத்தை அகற்றாது. தேய்த்துக் கழுவும் வேலை குறையவும் குறையாது.

மோரும் ரசமும் கூடவே கூடாது. புளிப்பு செம்பைக் கரைக்கும். களிம்பு ஏறிய பாத்திரத்தில் வைத்த மோரைக் குடித்து வாந்தி எடுத்தவர்களின் கதை நம் ஊர்களில் புதிதல்ல. கார அமில அளவு (pH; இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்குக் கீழே உள்ள உணவு செம்பைத் தொடக் கூடாது என்று அமெரிக்க உணவு விதித்தொகுப்பும் சொல்கிறது, தயிர் 4.5-ஐ ஒட்டியே இருக்கும். இதற்காகத்தான் நம் முன்னோர் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம், அதாவது வெள்ளீயம், பூசினார்கள். அப்படிப் பூசிய பாத்திரத்தில் உணவு தொடுவது வெள்ளீயத்தை என்பதால், செம்பின் கிருமிக்கொல்லும் குணமும் அங்கே கிடைக்காது. உங்கள் உணவகத்தில் செம்புக்கும் பித்தளைக்கும் பொருத்தமான இடம் கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, குளிர்பதன அறையின் கைப்பிடி போன்றவை: பல கைகள் படும், உணவு படாத இடங்கள்.

கேள்வி: நானோ துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த உணவு உறைகளும் வெட்டுப்பலகைகளும் விளம்பரம் செய்யப்படுகின்றன. அவை உணவில் கலந்துவிடாதா?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்தத் துறை முழுவதற்கும் உள்ள இக்கட்டு. வெள்ளியும் துத்தநாகமும் கொல்வது பெரும்பாலும் கசியும் அயனியால். கசிவது நின்றால் பயனும் குறையும், கசிந்தால் ஒரு பங்கு உணவிலும் சேரும். ஆகவே ஐரோப்பிய நாடுகளில், உணவைத் தொடும் பொருள்களிலிருந்து கசியும் வெள்ளி ஒரு கிலோ உணவுக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். துத்தநாகம் உடலுக்கு வேண்டிய சத்து என்பதால் சற்று ஆறுதல் உண்டு. ஆனாலும், சத்தாகச் சேர்க்கும் சாதாரணத் தூளுக்குக் கிடைத்த நற்பெயரை அதே பொருளின் நானோ வடிவத்துக்கு, அதாவது மிக மிக நுண்ணிய துகள்களுக்கு, அப்படியே கொடுத்துவிட முடியாது.

டைட்டானியம் டை ஆக்சைடு வேலை செய்வதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். மூடிய பெட்டிக்குள்ளும் இருண்ட குழாய்க்குள்ளும் அது பெயருக்குத்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை உணவுச் சேர்க்கைப் பொருளாகப் பயன்படுத்துவதற்கும் தடை விதித்துவிட்டது. கீறல் விழுந்த வெட்டுப்பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்வது, இந்த விளம்பரப் பலகைகளைவிட நம்பகமானது.

கேள்வி: ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பழகியதைப் போல, பாக்டீரியாக்கள் உலோகங்களுக்கும் பழகிவிடுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பழகிவிடும், அதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. டென்மார்க்கில் பன்றிக் குட்டிகளின் தீவனத்தில் வளர்ச்சிக்காகச் செம்பு சல்பேட் சேர்த்துவந்தார்கள். அந்தப் பன்றிகளின் குடலில் இருந்த என்டரோகாக்கஸ் பாக்டீரியாக்களில் செம்பைத் தாங்கும் ஒரு மரபணு கண்டறியப்பட்டது. வான்கோமைசின் வகை மருந்துகளையும் எரித்ரோமைசினையும் எதிர்க்கும் மரபணுக்களும் அதனோடு இணைந்தே கடத்தப்பட்டன. மருந்தே கொடுக்காவிட்டாலும், செம்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகும். குட்டிகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்க மருந்தளவில் கொடுத்துவந்த துத்தநாக ஆக்சைடை ஐரோப்பா 2022 ஜூன் முதல் நிறுத்தியதற்கு, மண்ணில் சேரும் துத்தநாகத்தோடு இந்த அச்சமும் ஒரு காரணம். லிஸ்டீரியாவிலும் காட்மியம் என்னும் நச்சு உலோகத்தைத் தாங்கும் மரபணுவும், ஆலைகளில் தெளிக்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்னும் கிருமிநாசினியைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் (பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையம்) இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

காய்ந்த செம்புத் தகட்டில் இந்த ஆபத்து குறைவு. எதிர்ப்பு மரபணு உள்ளவையும் அங்கே சற்றுத் தாமதமாகவேனும் மடிகின்றன. கொல்லாத அளவில், நாள்தோறும், நீரிலும் தீவனத்திலும் உலோகத்தைக் கலந்துகொண்டிருப்பதைத்தான் நான் வன்மையாக எதிர்க்கிறேன். கோழிப் பண்ணைகள் நிறைந்த உங்கள் மாவட்டத்தில் இதைப் பண்ணையாளர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை மிக அதிகம்.

கேள்வி: கொல்லாமலேயே படலத்தைக் கலைக்க உலோக வேதியியலில் வழி இல்லையா?
– நுண்ணுயிரியல் மாணவர், கோவை

பதில்: இரண்டு வழிகள் உண்டு. பாக்டீரியாக்களுக்கு இரும்பு வேண்டும். காலியம் என்னும் உலோகத்தின் அயனி அளவிலும் மின்னூட்டத்திலும் இரும்பு அயனியை ஒத்திருப்பதால், பாக்டீரியா ஏமாந்து அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஆனால் இரும்பைப் போல எலக்ட்ரானை ஏற்று வடிவம் மாற அதனால் இயலாது என்பதால், நொதிகள் முடங்குகின்றன. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவின் படலத்தைக் காலியம் தடுப்பதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. உணவுத் தொழிலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

மற்றது, உலோகத்தைச் சேர்ப்பதற்குப் பதிலாக எடுத்துவிடுவது. படலத்தின் பிசினைக் கால்சியமும் மக்னீசியமும் குறுக்கே பிணைத்து இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஈ.டி.டி.ஏ. போன்ற பற்றுப்பொருள் அந்த அயனிகளைக் கவர்ந்துகொண்டால் பிசின் தளர்ந்து, அடுத்து வரும் கிருமிநாசினி உள்ளே இறங்குகிறது. பால்கல்லை நீக்கும் சில கரைசல்களில் அது ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. ஆய்வுத் திட்டம் தேடுகிறீர்கள் என்றால், பாலின் கால்சியம் நிறைந்த பரப்பில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா கட்டும் படலத்தை இந்த முறையில் சோதித்துப் பாருங்கள்; அதன் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கும் வடிவம்) பால் காய்ச்சும் வெப்பத்தைத் தாங்கிப் பிழைப்பதால், நம் பால் கூடங்களுக்கு அந்த முடிவு நேரடியாகப் பயன்படும்.